ஓடைக்கு அக்கரை மரம்

பொன்னையா ஆசானிடம் வைத்தியம் படிக்க வந்தபோது இருளப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசானுக்கும் அதேதான். சொல்லப்போனால் சீடர்தான் இரண்டு மாதம் மூத்தவர்.

"வயசைப் பாத்து மயங்காதீரும் வே," என்றார் ஆசான் முதல் நாளே. "கஷாயம் காய்ச்சப் போறது நீருதான்."

இருளப்பன் கருவேலமும் பனையும் தவிர வேறு மரம் அறியாத வறண்ட சீமைக்காரர். அவர் ஊரில் பாதிப் பேருக்குக் கையிலும் காலிலும் சொறிப்புண். பார்க்க ஒரு வைத்தியர் கிடையாது. பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்து தனிக்கட்டையாக இருந்த மனுசனை, "நீ போய்ப் படிச்சிட்டு வாப்பா" என்று ஊரே சேர்ந்து அந்த மலையடிவாரத்துக்கு அனுப்பி வைத்தது.

ஆசான் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பை முடிக்கிற சீடனுக்குக் கடைசியாக ஒரு கேள்வி. ஓடைக்கு அக்கரையில் ஒரு மரம் நிற்கிறது. அதன் இலையையும் பூவையும் காயையும் ஒரு வருசம் பார்த்துவிட்டு, ஆவணியில் அது இன்ன மரம் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அன்றைக்கே மூட்டை கட்டிவிட வேண்டும், ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. தப்பாகச் சொன்னால் இன்னும் ஒரு வருசம்.

முதல் ஆவணியில் காயை உடைத்ததுமே இருளப்பனுக்குத் தெரிந்துவிட்டது. பரணில் ஜாடி நிறைய இருக்கிற நீரடிமுத்து விதைதான் உள்ளே இருந்தது. சொறிப்புண்ணுக்கு அந்த எண்ணெயைத்தான் பூசுவது. குதியாய்க் குதித்துத் திரும்பியவர் ஓடையில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். இன்றைக்கே போக வேண்டுமே.

போனால் அங்கே யார் இருக்கிறார்கள்? தங்கைக்கு அவள் குடும்பம் உண்டு. தான் காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக் கொடுத்த மனுசன் இங்கே அல்லவா இருக்கிறார். காலையில் கொள்ளுத் துவையலைத் தொட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் கிண்டல் செய்கிற அந்த அரை மணி நேரத்தை எந்த ஊர் கொடுக்கும்? சொறிதானே, அடுத்த வருசம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"என்ன மரம் வே?"

"புங்கு, ஆசானே."

"இன்னும் பாரும்," என்றார் ஆசான்.

அடுத்த ஆவணியில் மகிழம் என்றார். அதற்கு அடுத்த ஆவணியில் காட்டு விளா என்றார். ஆசான் ஒவ்வொரு தடவையும் "இன்னும் பாரும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாம் பதில் சொல்லிப் பத்து நாள் இருக்கும். இருளப்பனின் தங்கை ராக்கு ஊரிலிருந்து வந்து வாசலில் நின்றாள். இரண்டு கையையும் துணியால் சுற்றியிருந்தாள்.

"படிப்பு முடிஞ்சிருச்சாண்ணே?"

இருளப்பன் துணியைப் பிரித்தார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் வடிந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருசமா. இப்ப சோறு பிசைய முடியலண்ணே. எம் மகதான் ஊட்டி விடுறா." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஊருல இன்னும் நிறையப் பேரு இப்படித்தான் இருக்காங்க. எங்கண்ணன் வந்துரும்னு சொல்லி வச்சிருக்கேன்."

இருளப்பன் பரணில் ஏறிப் பார்த்தார். இத்தனை நாளில் ஜாடி காலியாகியிருந்தது. இறங்கி, ஓடையைத் தாண்டி ஓடினார். வேட்டி மடி நிறையக் காயைப் பொறுக்கி வந்து, முற்றத்துக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் உடைக்க ஆரம்பித்தார்.

உள்ளிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆசான் வந்து எதிரில் குத்தவைத்தார்.

"விளாங்காயை வச்சு என்ன பண்ணப் போறீரு?"

இருளப்பன் கல்லைக் கீழே வைத்தார்.

"நீரடிமுத்து, ஆசானே. மொத வருசமே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே போகணும். உங்களை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. உங்களை ஏமாத்திட்டேன்."

"என்னையவா?" ஆசானுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "புங்க இலை ஒரு காம்புல அஞ்சும் ஏழுமா இருக்கும். இது தனி இலை. மகிழம்னா வாசம் இக்கரைக்கு வரும். விளாவுல முள்ளு இருக்கும். இதெல்லாம் படிச்ச ஆளு இப்படி உளறுறீரேன்னு ஒரு தடவையாவது நான் கேட்டேனா?"

கேட்கவில்லை. இருளப்பனுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"ஏன் கேக்கல ஆசானே?"

"கேட்டா நீரு போயிருவீரே."

இருளப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். ஆசான் மெல்லச் சீடரின் கையை விலக்கி, கல்லை எடுத்து அதில் வைத்தார்.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தோம். அந்தப் புள்ள சோறு பிசைய முடியாம இருந்திருக்கு. காயை உடையும் வே."