செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

மலை உச்சியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு வலை கட்டியிருந்தது. மூடுபனி அதில் பட்டு, துளித்துளியாக இறங்கி, கீழே இருக்கிற கேனில் சொட்டும். தினமும் ஏறிப்போய் அந்தத் தண்ணீரை அளக்க வேண்டும். அதுதான் அமலதாஸின் ஆராய்ச்சி.

அவன் சோம்பேறி. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. குளிர் அதிகமான நாட்களில் போர்வைக்குள் படுத்தபடியே ஓர் அளவைப் போட்டுவிடுவான்.

அந்த அளவுகளை நம்பித்தான், கிணறு வற்றிப்போன மேலூரில் குடிதண்ணீருக்கு இதே மாதிரி வலைகள் கட்டப்போகிறார்கள்.

ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டிய வாரம். அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தில்லைநாயகி அவனை மலைக்குக் கூட்டிப்போனார். பாதையைப் பனி விழுங்கியிருந்தது. முன்னால் போன அவருடைய சேலையின் மஞ்சள் கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. குரல் மட்டும் வந்தது.

"போன செவ்வாய்க்கிழமை எவ்வளவு, அமல்?"

"கேன் நிரம்பிடுச்சு மேடம். நல்ல பனி."

"ஆமா, நல்ல பனிதான்."

வலையடியில் அவர் நின்றிருந்தார். பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார்.

"ஏறி வந்தது தாகமா இருக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமைத் தண்ணியில கொஞ்சம் ஊத்து."

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. நீட்டிய டம்ளருக்குள் பனி புகுந்து, வெளியே போயிற்று.

"வலை ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. திங்கக்கிழமை சாயங்காலம் நான்தான் தைக்க அவுத்துட்டுப் போனேன். புதன்கிழமைதான் திரும்பக் கட்டினேன். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அவன் வலையின் ஓரத்தைப் பார்த்தான். புதுத் தையல் தெரிந்தது.

"போகாமலே எழுதினது அந்த ஒரு நாள்தானா?"

"இல்ல மேடம்."

அவன் ஓரடி அவர் பக்கம் நகர்ந்தான்.

"நீங்க சொல்லலேன்னா யாருக்கு மேடம் தெரியப்போகுது?"

"மேலூர்ல குடத்தை வச்சிட்டுக் காத்திருப்பாங்களே, அவங்களுக்கு."

"விசாரணைக் குழுவுக்குப் போனா என் பட்டம் போயிடும்."

"போகலாம்."

"வழிகாட்டின்னு உங்க பேரும் போட்டிருக்கே."

"அதான் குழுவுக்கு நானும் கூட வரப்போறேன். நாளைக்குக் காலையில. குளிருதுன்னு படுத்துடாத."

அவன் டம்ளரை வாங்கிக்கொண்டான். கனமே இல்லை.

"அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேரா இப்ப என்ன மேடம் எழுதுறது?"

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"பனி வந்துச்சு, நாம இங்க இல்லன்னு எழுது."