மலைப்பாம்பு என்று சொன்னவர்

மாலை ஆறு இருபதுக்கு, பதினோராயிரத்து நானூறு பேர் இருந்த குழுவில், பரஞ்சோதி ஒரு பாம்புக்குப் பெயர் சொன்னார்.

அது அவர் வேலை அல்ல. குழுவின் பெயர் செதில். கால்நடை மருத்துவர் தமயந்தி பாம்புகளைப் பற்றி ஒரு வலைப்பூ எழுதிவந்தார். வாசகர் பெருகியபோது அதே பெயரில் முகநூலில் குழு தொடங்கினார். வீட்டுக்குள் வந்த பாம்பைப் படமெடுத்துப் போட்டு, இது என்ன பாம்பு என்று உறுப்பினர் யாரும் கேட்கலாம். பதில் சொல்ல மூன்று பேருக்குத்தான் அனுமதி. பரஞ்சோதி அந்த மூவரில் இல்லை.

அவர் ஓய்வுபெற்ற சார்பதிவாளர். அறுபத்திரண்டு வயது. பக்கத்தை ஒழுங்காக வைத்திருப்பது அவர் பொறுப்பு. மங்கலான படங்களைத் திருப்பி அனுப்புவார். சண்டைகளைத் துடைப்பார். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தி வரச் சொல்வார். தமயந்திக்கு முப்பத்தாறு வயது; உறுப்பினர்கள் அவரைக் கேலியாகக் குரு என்பார்கள். கேலியில்லாமல் அப்படிச் சொன்னவர் பரஞ்சோதி ஒருவர்தான்.

அன்று அந்தப் படம் வந்து வெகுநேரமாகியும் பதில் இல்லை. தமயந்தி ஒரு தொழுவத்தில், கன்று ஈனமுடியாத மாட்டோடு இருந்தார். மற்ற இருவரும் கைப்பேசியை எடுக்கவில்லை. முந்தைய ஞாயிறுதான் ஒரு நாளிதழில் செதிலைப் பற்றி வந்திருந்தது. புதியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பதில் இல்லாத கேள்வி பக்கத்தின் உச்சியில் நிற்பது பரஞ்சோதிக்குப் பொறுக்கவில்லை. வைக்கோலுக்குள் சுருண்டு கிடந்த பாம்பைப் பெரிதாக்கிப் பார்த்தார். மலைப்பாம்புக் குட்டி, விஷம் இல்லை, பயம் வேண்டாம் என்று எழுதினார்.

சற்று நேரத்தில் குணாளன் வந்தார். மணப்பாறைக்காரர். சொந்தமாக ஒரு மீம் பக்கம் நடத்துபவர். பரஞ்சோதியிடம் பலமுறை எச்சரிக்கை வாங்கியவர்.

"சார், இது கண்ணாடிவிரியன். இதை மலைப்பாம்புன்னா, நாளைக்கு நல்லபாம்பை நாக்குப்பூச்சின்னு சொல்வீங்களா?" என்று எழுதினார்.

பரஞ்சோதி பழைய பதிவுகளைத் திறந்து ஒப்பிட்டார். முதுகில் சங்கிலிபோல் கோத்த வட்டங்கள். குணாளன் சொன்னது சரி.

உடனே பதிவை முழுவதுமாக நீக்கினார். கேலி கூடாது என்ற விதிப்படி குணாளனை வெளியேற்றினார். கேள்வி கேட்டவர் என் பதிவு எங்கே என்று திரும்பி வந்து கிளறுவார் என்று தோன்றியது. அவரையும் வெளியேற்றினார். பக்கம் சுத்தமாயிற்று. ஒரு சிறு தவறு நடந்தது, சரிசெய்துவிட்டேன் என்று தமயந்திக்குச் செய்தி அனுப்பினார்.

தொழுவத்தில் மாட்டுக்காரர் அதை வாசித்துக் காட்டினார். தமயந்தி அவரையே பரஞ்சோதியின் எண்ணை அழைக்கச் சொல்லி, கைப்பேசியைக் காதில் பிடிக்கச் சொன்னார்.

"என்ன தவறு சார்?"

பரஞ்சோதி நடந்ததைச் சொன்னார்.

"கேட்டவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"பதிவையே எடுத்துட்டேன் டாக்டர். இனி யாரும் பார்க்க முடியாது."

"அவர் பார்த்துட்டாரே."

பின்னால் மாடு கத்துவது கேட்டது.

கேட்டவர் பெயரைத் தமயந்தி கேட்டார். பரஞ்சோதிக்கு நினைவில்லை. அன்றுதான் சேர்ந்த ஆள், ஆண், அவ்வளவுதான் தெரியும். ஊர் எழுதியிருந்தாரா என்பதும் தெரியாது. பாம்பின் படத்தைப் பார்த்த அளவுக்குக் கேட்டவரின் பெயரை அவர் பார்க்கவில்லை.

அதற்குள் மூன்று உறுப்பினர்கள் பரஞ்சோதிக்கு ஒரே படத்தை அனுப்பியிருந்தார்கள். குணாளன் வெளியேற்றப்படுவதற்கு முன்பே திரையைப் படமெடுத்து, பரஞ்சோதியின் பதிலை மட்டும் வெட்டித் தன் மீம் பக்கத்தில் போட்டிருந்தார். நூற்றுக்கணக்கானோர் சிரித்திருந்தார்கள். இதையும் பரஞ்சோதி சொன்னார், ஒரு புகாராக.

"அப்படின்னா முழுப்படம் குணாளன்கிட்ட இருக்கும்," என்றார் தமயந்தி. "கேளுங்க."

"நீங்க கேட்டா நல்லா இருக்கும் டாக்டர். நான் இப்பதான் அவரை நீக்கினேன்."

"என் கை மாட்டுக்குள்ள இருக்கு சார்."

குணாளன் முதல் அழைப்பை எடுக்கவில்லை. அடுத்ததை எடுத்தார்.

"சொல்லுங்க மலைப்பாம்பு சார்."

முழுப்படம் வேண்டும் என்றார் பரஞ்சோதி.

"எதுக்கு? சைபர் கிரைம்ல குடுக்கவா?"

"கேட்டவர் பேரு வேணும் தம்பி. நான் அழிச்சுட்டேன்."



"அவரையும் தூக்கிட்டீங்களா?" என்றார் குணாளன். அதில் கேலி இல்லை. படம் உடனே வந்தது.

கேட்டவர் பெயர் தவசீலன். பரஞ்சோதியின் பதிலுக்குக் கீழே தவசீலன் மறுபடி எழுதியிருந்தார். பரஞ்சோதி அதை அப்போதுதான் வாசித்தார்.

'ரொம்ப நன்றிங்க சார். அண்ணிக்கு வைக்கோல் எடுக்கும்போது கால்ல பல் பட்டுருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டிருந்தோம். உங்க பதிலைக் காட்டினேன். இனி போகவேணாம்னு அண்ணன் சொல்லிட்டாரு.'

பரஞ்சோதி அதைத் தமயந்தியிடம் வாசிக்கத் தொடங்கினார். பாதி கேட்டதும் மீதியைத் தமயந்தியே ஊகித்துக்கொண்டார்.

தவசீலன் என்ற பெயரில் தேடினால் எத்தனையோ பேர் வந்தார்கள். முகப்படம் இல்லாத ஒருவருக்குப் பரஞ்சோதி செய்தி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. குழுவில் எழுதலாம் என்றார். குழுவில் எழுதினால் வெளியேற்றப்பட்டவர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்டார் தமயந்தி.

குணாளனின் பக்கத்தை நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். முழுப்படத்தையும் அங்கே போட்டு, இது கண்ணாடிவிரியன், தவசீலன் எங்கே இருந்தாலும் அண்ணியை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் என்று எழுதச் சொன்னார் தமயந்தி. எழுத வேண்டியது பரஞ்சோதி.

பரஞ்சோதி எழுதி வாசித்தார். "நிர்வாகி ஒருவரின் பதில் தவறானது என அறிவிக்கப்படுகிறது."

"எந்த நிர்வாகி?"

"படத்துல என் பேரை மட்டும் மறைச்சுக்கலாமா டாக்டர்?"

"அந்த வீட்டுல உங்க பேரை நம்பித்தான் உட்கார்ந்திருக்காங்க. வேற யார் சொன்னாலும், அந்த சார் அப்படிச் சொல்லலையேன்னுதான் சொல்வாங்க."

பரஞ்சோதி கைப்பேசி எண்ணையும் பெயரையும் சேர்த்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்கத் தாள்களில் போட்ட பெயர் அது.

"எல்லாரும் சிரிப்பாங்க," என்றார்.

"சிரிச்சா வேகமாப் போகும் சார்."

குணாளன் எதையும் வெட்டவில்லை, எதையும் சேர்க்கவில்லை. பரஞ்சோதி எழுதியபடியே போட்டார். மக்கள் சிரித்தார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸில் எத்தனை பேர் நிலத்தை யார் பெயருக்கு எழுதினாரோ என்று அவர் வேலையைத் தெரிந்த ஒருவர் கேட்டார். கண்ணாடியை மாற்றச் சொல்லி ஒருவர் கடை முகவரி கொடுத்தார். சிரித்தவர்கள் எல்லாரும் நண்பர்களுக்கு அனுப்பினார்கள். பரஞ்சோதி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய மகன் பெங்களூரிலிருந்து அழைத்து, அப்பா, இது நீங்களா என்று கேட்டான். ஆமாம், வைத்துவிடு, அழைப்பு வரும் என்றார்.

அழைப்பு லால்குடியிலிருந்து வந்தது. உரக்கடை வைத்திருக்கும் ஒருவர். அவருக்கும் யாரோ சிரிப்பதற்காகத்தான் அனுப்பியிருந்தார்கள். தவசீலன் என் வாடிக்கையாளர், அந்த வைக்கோல்போரும் எனக்குத் தெரியும் என்றார். எண்ணைக் கொடுத்தார்.

பரஞ்சோதி அழைத்தபோது தவசீலனின் அண்ணன் எடுத்தார்.

"நான் பரஞ்சோதி பேசறேன். மலைப்பாம்புன்னு சொன்னது நான்தான்."

"வாங்க சார். கால் கொஞ்சம் வீங்குது, மஞ்சப்பத்து போட்டிருக்கோம். நீங்க சொன்னதால தைரியமா இருக்கோம்."

"நான் சொன்னது தப்பு. அது கண்ணாடிவிரியன். இப்பவே கிளம்புங்க."

அண்ணன் உடனே நம்பவில்லை. அப்போது விஷம் இல்லை என்றீர்கள், இப்போது இருக்கிறது என்கிறீர்கள், எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டார். எனக்குப் பாம்பு தெரியாது, தெரிந்ததுபோல் எழுதிவிட்டேன் என்றார். மறுமுனையில் ஒரு பெண், பல் ஈறில் ரத்தம் வருகிறது என்று சொல்வது கேட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

தொழுவத்தில் கன்று பிறந்திருந்தது. தமயந்தி கை கழுவிவிட்டுத் தவசீலனை அழைத்தார். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று விசாரித்துச் சொன்னார். அவர்கள் போய்ச் சேரும்வரை இணைப்பிலேயே இருந்தார்.

அண்ணியின் பெயர் சகாயராணி. உயிர் பிழைத்தார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பல வாரங்கள் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. தாமதம் ஆகாமல் இருந்திருந்தால் என்று மருத்துவர் ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாராம். தவசீலன் இதைப் பரஞ்சோதியிடம் சொன்னார். திட்டவில்லை.

சகாயராணி வீடு திரும்பிய பிறகு பரஞ்சோதி தமயந்தியைப் பார்க்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போனார். அங்கே ஆடுகள் வரிசையில் நின்றன. தமயந்தி தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். பரஞ்சோதி கையில் தட்டச்சு செய்த தாள்கள் இருந்தன. குழுவுக்கான விதிகளைப் புதிதாக எழுதியிருந்தார். யார் பதில் சொல்லலாம், தவறான பதிலை எப்படித் திருத்தலாம், எந்தப் பதிவு பக்கத்தில் இருக்கலாம், எது கூடாது. குணாளனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் அதில் வழி இருந்தது.

"எதை வைக்கணும், எதை எடுக்கணும்னு இனி எனக்குக் குழப்பம் வராது டாக்டர். எதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க."

தமயந்தி கையுறையைக் கழற்றிவிட்டு, தாள்களைக் கடைசிவரை வாசித்தார். ஆட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள்.

"குணாளனை எதுக்காக நீக்கினீங்க?"

"கேலி பண்ணார். ஏழாவது விதி."

"தவசீலன் எந்த விதியை மீறினார்?"

பரஞ்சோதி தாள்களை வாங்கிக்கொண்டார். அடுத்த ஆடு வந்தது.

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, சகாயராணி செதில் குழுவில் சேர்ந்தார். குளியலறை மூலையில் கிடந்த ஒரு பாம்பின் படத்தைப் போட்டு, இது என்ன பாம்பு, பரஞ்சோதி சாரைத் தவிர யாராவது சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். படம் மங்கலாக இருந்தது. பதிவை அனுமதித்தவர் பரஞ்சோதி.