இத்தாலி மதுவுக்கு ஒரு நாக்குச் சாட்சி

இந்தக் கதையில் வயிறு குலுங்கும் சிரிப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் இப்போதே கிடைக்காது. கெஞ்சினாலும் கிடைக்காது. முதலில் ஒரு கப்பல் வர வேண்டும்.

வந்தது. மாந்துறைப் பட்டணத்தில் இறங்கினார் இத்தாலிக்காரர் லொரென்சோ. அவரைப் பூபதி ராஜாவின் சபைக்கு அழைத்து வந்தவன் கோனேரி. எல்லோரையும் சீண்டியே அரண்மனையில் காலம் தள்ளுகிறவன். லொரென்சோ ஆறு சீசா சிவப்பு மதுவை ராஜாவின் முன் வைத்தார். பட்டணத்தில் கடை போட அனுமதி கேட்டார்.

"திராட்சைக் கொடி, பிரான்ஸ். போர்தோ ஊர்க் கொடி. என் தாத்தா கொண்டுவந்தார். மண், இத்தாலி. வெயில், எங்கள் வெயில்" என்றார் விட்டு விட்டு.

பிறகு குடிக்கும் முறையைக் காட்டினார். கிண்ணத்தைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். உதடு வைத்து உறிஞ்சி, வாய்க்குள் உருட்டினார்.

"சீச்சீ, எச்சில்" என்று சபையே முகம் சுளித்தது.

எழுந்தார் பண்டகசாலை அதிகாரி திருமேனிநாதர். தொப்பை முன்னே வந்தது, கனைப்பு பின்னே வந்தது.

"க்ஹும். ஆற்றுத் தண்ணீரைக் கொடுத்தால் எந்தப் படித்துறை என்று சொல்லும் நாக்கு இது. இந்தச் சாராயம் எம்மாத்திரம்?"

கிண்ணத்தை ஒரு முழ உயரம் தூக்கினார். அண்ணாந்தார். மடக், மடக், மடக்.

"பொய், மகாராஜா. இது பிரான்ஸ் மண்ணிலேயே பழுத்தது. வழியில் வாங்கி, தன் தோட்டத்துச் சரக்கு என்கிறான். இந்தப் புளுகனைக் கூட்டி வந்தது யார்? நம்ம கோனேரி."

ராஜாவின் மீசை துடித்தது. "கோனேரி, நாளைச் சபையில் இது இத்தாலி மண் என்று நிரூபி. முடியாவிட்டால் இருவரும் ஒரே கப்பலில் ஏறுங்கள்."

கோனேரிக்குத் தெப்பக்குளத்துப் படகிலேயே குமட்டும். கடலா?

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? கோனேரிக்கே இன்னும் வரவில்லை. பொறுங்கள்.

மதுவுக்குள் மண்ணை எப்படித் தேடுவது? நினைத்து நினைத்து அவன் தலை காய்ந்தது. அப்புறம் உறைத்தது. எதிராகச் சொன்னது ஒரே ஒரு சாட்சி, திருமேனிநாதரின் நாக்கு. அந்த அண்ணாந்த குடியில் மது நாக்கில் நின்றதா, தாண்டி ஓடியதா?

மறுநாள் சபையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன.

"ஐயா, எது எந்த மண்? உங்கள் நாக்கு சொல்வதே தீர்ப்பு" என்றான் கோனேரி.

"மூக்கைப் பொத்திக்கொண்டுகூடச் சொல்வேன், போடா."

முதல் கிண்ணம் உயர்ந்தது. மடக், மடக்.

"பிரான்ஸ். சந்தேகமே இல்லை."

இரண்டாவது. மடக், மடக்.

"இதுவும் பிரான்ஸ். அதே தோட்டம். ஆனால் வடக்குச் சரிவு."

"அங்கே மழை உண்டா, ஐயா?"

"விடாத மழை. மூடுபனி. பக்கத்தில் ஒரு சுண்ணாம்புப் பாறை."

பேசப் பேச ராஜா அவர் வாயையே பார்த்தார். மீசை மறுபடி துடித்தது. இந்தத் தடவை கோபத்தால் அல்ல. சேனாதிபதி கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஏன் சிரிக்கிறீர்கள்? பாறையைக் கண் முன்னே பார்க்கிறேன்" என்றார் திருமேனிநாதர்.

ராஜா சிம்மாசனத்தில் சாய்ந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "லொரென்சோ, கடையைத் திற. கோனேரி, மிச்சமிருக்கும் ஐந்து சீசாவும் உனக்குத்தான்."

"மகாராஜா, அப்படியானால் அந்த வடக்குச் சரிவு..." என்று இழுத்தார் திருமேனிநாதர்.

ராஜா வெற்றிலைத் தட்டைக் காலியாக்கி, பளபளக்கும் வெள்ளியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "நாக்கை நீட்டும்."

நீட்டினார். தட்டில் தெரிந்தது ஒரு நாக்கு. கத்தரிக்காய் நிறம். மரத்தடியில் பழம் பொறுக்கித் தின்றுவிட்டு, யாருடையது அதிகம் ஊதா என்று பிள்ளைகள் நீட்டிக் காட்டுவார்களே, அதே நாக்கு. அப்போதுதான் தொண்டையும் கரகரவென்று பிடித்தது.

திருமேனிநாதர் நாக்கை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கோனேரி," என்றார் சன்னமாக, "நம்ம யானைக் கொட்டிலுக்குப் பின்னால் நிற்கிற நாவல் மரமா?"

"இப்போது மண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டீர்கள், ஐயா."