அழிக்கிற உரிமை

ஆவுடையாபுரம் நகராட்சிக்கு மேலாளராக வந்த ஞானசிகாமணி, முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பூங்கோதையைக் கூப்பிட்டார்.

"யார் லாகின் பண்ணாலும் மனுக்களைப் பார்க்கட்டும், பதியட்டும். அழிக்கிற உரிமை என் லாகினுக்கு மட்டும்தான் இருக்கணும்."

அவள் அப்படியே அமைத்துக் கொடுத்தாள்.

பெருமழையில் வீடு இடிந்தவர்கள் நிவாரணம் கேட்டுக் கொடுத்த மனுக்கள் ஒரு காலையில் கம்ப்யூட்டரில் ஒன்றுகூட இல்லை. ஆணையர் விசாரிக்க வந்தார்.

"இந்தப் பொண்ணுதான் சார் அழிச்சிருக்கா. ஒப்பந்த ஆள்தானே, இன்னைக்கே நிறுத்திடலாம்" என்றார் மேலாளர்.

பூங்கோதை கைகட்டி நின்றாள். "சார் சொன்னா சரிதான். ஆனா சார் போட்ட முதல் உத்தரவையே இங்கே யாரும் மதிக்கலைன்னு ஆயிடுமே."

மேலாளரின் முகம் சிவந்தது. "என் உத்தரவை மதிக்கலையா? நானே உட்கார்ந்து இவ லாகின் உட்பட எல்லார் லாகின்லயும் அழிச்சுப் பார்த்தேன். என்னுதைத் தவிர எதுலயும் முடியலை!"

ஆணையர் பூங்கோதையை விட்டு மேலாளர் பக்கம் திரும்பினார்.

மேலாளருக்கு மாற்றல் வந்தது. மனுக்கள் திரும்ப வரவில்லை. வீடு இடிந்தவர்கள் மறுபடியும் வாசலில் வரிசையில் நின்றார்கள். புது மேலாளர் அவர்களைத் தாண்டி உள்ளே வந்து, உட்காரும் முன்பே சொன்னார்:

"அழிக்கிற உரிமை எனக்கு மட்டும் இருக்கட்டும்மா."