கதவை விட்ட கட்டி

ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரு கான்கிரீட் கட்டி இருந்தது. கல்லூரியின் முதல் கட்டடம் எழும்பியபோது, தூணுக்குக் குழைத்த கலவையிலேயே சோதனைக்கென்று சில கட்டிகளையும் வார்த்தார்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்று அவற்றை இயந்திரத்தில் வைத்து அமுக்கி உடைத்துப் பார்ப்பது வழக்கம். கூடப் பிறந்தவை எல்லாம் உடைபட்டுப் போயின. இதை மட்டும் யாரோ ஆய்வகக் கதவுக்கு முட்டுக்கொடுக்க, தப்பித்துக்கொண்டது.

அப்புறம் கல்லூரி கிடுகிடுவென வளர்ந்தது. மின்னியல் வந்தது, வேதியியல் வந்தது, கணினிக்குக் கண்ணாடி மாளிகையே வந்தது. கட்டி கதவடியில் சொகுசாகக் கிடந்து, "என் சாமர்த்தியம் யாருக்கு வரும்!" என்று பீற்றிக்கொள்ளும். உள்ளே இயந்திரம் உறுமினாலோ, கதவோடு இறுக ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் முதல் கட்டடம் கலங்கிப்போய்ச் சொன்னது: "தம்பி, என்னை இடிக்கப் போறாங்களாம். சுவர்ல விரிசலாம், தெம்பில்லையாம்."

"தெம்பு இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலையே!"

கட்டிக்குச் சுருக்கென்றது. தெரிந்துகொள்ள என்ன வழி என்று அதற்கா தெரியாது? மெல்ல மெல்ல நகர்ந்து கதவை விட்டது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

முதல்வர் நசீரோடு அந்தப் பக்கம் வந்த பேராசிரியை சுகிர்தா குனிந்து கட்டியைத் தூக்கினார்.

"சார், முதல் கட்டடம்னு கீறியிருக்கு பாருங்க! தூணுக்குப் போட்ட அதே கலவை. தெம்பைச் சோதிக்கத் தூணைத் துளைச்சுப் பார்க்கப் பயந்துக்கிட்டு இருந்தோமே!"

"இதையாம்மா கதவுக்கு முட்டுக் கொடுத்தோம்?" முதல்வர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது தாங்கிட்டா இடிக்க வேண்டாம் சார். விரிசலைப் பூசினா போதும்."

இயந்திரத்தில் வைத்ததும் கட்டி கெஞ்சியது. "அண்ணே, மெதுவா."

"அவசரமே இல்லை தம்பி" என்றது இயந்திரம்.

பாரத்தைக் காட்டும் முள் ஏறியது. கட்டி பல்லைக் கடித்துக்கொண்டது. கட்டடம் நிற்கத் தேவையான அளவு வந்தது. முள் அதையும் தாண்டிப் போனது, போய்க்கொண்டே இருந்தது. பிறகுதான் கட்டி பட்டென்று பிளந்தது.

"அப்பாடா, பொழைச்சோம்!" என்று முதல்வர் நாற்காலியில் சாய்ந்தார். கட்டடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ரொம்ப வலிச்சுதா தம்பி?" என்று இயந்திரம் பரிவாகக் கேட்டது.

துண்டு துண்டாகக் கிடந்த கட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதை விடுண்ணே. நான் எவ்வளவு தாங்கினேன், அதைச் சொல்லு!"