போகிறவருக்கு மட்டும் வெற்றிலை

முன்னொரு காலத்தில், ரசம் ருசிக்கவில்லை என்பதற்காகச் சபையைக் கூட்டிய ராஜா ஒருவர் இருந்தார். சிரிக்க வேண்டாம். நாக்கு என்பது ராஜாவுக்கும் ஒன்றுதான்.

"இந்த ஆண்டில் இது ஆறாவது ருசி. மடைப்பள்ளியில் என்னதான் நடக்கிறது?" என்று கேட்டார்.

விசாரித்தபோது சங்கதி ரசத்தோடு நிற்கவில்லை. குதிரை லாயத்தில் பாதிப் பேர் புது ஆட்கள். தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு எது செடி, எது களை என்று தெரியவில்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிரதானி வரதராசர் எழுந்தார். அரண்மனைக் கோணங்கியின் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறவர் அவர்.

"மகாராஜா, ஆட்களின் மனமறிந்தவன் நம் கோணங்கிதான். வரும் பௌர்ணமிக்குள் இதை அவன் நிறுத்தட்டும். கூலியை உயர்த்தக் கூடாது. கதவைப் பூட்டக் கூடாது. அதற்குப் பின் ஒருவர் போனாலும், அவனும் கூடவே எல்லையைத் தாண்டட்டும்."

ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார். கோணங்கிக்கு வேடிக்கையாகப் படவில்லை. அவனுக்கு இந்த ஊரை விட்டால் வேறு ஊர் கிடையாது.

நேராக மடைப்பள்ளிக்குப் போனான். பதினோரு வருடமாக ராஜாவுக்குச் சோறு வடிக்கிற முத்திருளாண்டி, மூலையில் உட்கார்ந்து துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்த ஊர்ல கூலி ஜாஸ்தியோ?"

"அங்கயும் இதே கூலிதான்ப்பா."

"பெறகு எதுக்குப் போறீங்க?"

முத்திருளாண்டி முடிச்சை இறுக்கினான், பிறகு அவிழ்த்தான். "என் மச்சினன் லாயத்துல புல்லு வெட்டுனான். ஒம்பது வருசம் அவனை ஏன்னு கேக்க ஆளில்லை. வேலையை விட்டுப் போற அன்னிக்கு, ராஜா தன் கையால வெத்தல குடுத்தாரு. பேரைக் கேட்டாரு. நல்லா செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. இன்னிக்கும் அதைச் சொன்னா அவனுக்குக் கண்ணு கலங்கிரும். எனக்கும் அது ஒருநாள் கிடைக்கணும்ல? போனாத்தானே குடுப்பாங்க."

அந்த அரண்மனையில் அப்படி ஒரு பழைய வழக்கம் இருந்தது. பணியை விட்டுப் போகிறவரை ராஜா சபைக்கு அழைத்து, பெயரும் வேலையும் கேட்டு, தாம்பூலம் தந்து அனுப்ப வேண்டும். போகாமல் இருக்கிறவருக்கு ஒன்றும் கிடையாது. எந்தப் புண்ணியவான் வைத்த வழக்கமோ. கை கொடுத்ததே தவிர, எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று ராஜா எண்ணிப் பார்த்ததில்லை.

"பௌர்ணமி வரைக்கும் பொறுத்துக்குங்க அண்ணே" என்று சொல்லிக் கோணங்கி மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தான். அவனும் பதினைந்து வருடமாக இருக்கிறவன்தான்.

பௌர்ணமியன்று காலையில், சபை வாசலில் இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். கிணற்றடி, லாயம், தோட்டம், மடைப்பள்ளி என்று ஒருவர் பாக்கியில்லை.

"மகாராஜா, இவர்கள் எல்லோருக்கும் போகும் தாம்பூலம் வேண்டும்" என்றான் கோணங்கி.

பிரதானிக்கு வாய் காதுவரை போயிற்று. "நிறுத்தச் சொன்னால் மொத்தமாகக் கிளப்பிவிட்டான், மகாராஜா."

ராஜாவின் முகம் இறுகியது. ஆனாலும் முன்னோர் வழக்கத்தை மீற முடியாது. தட்டைப் பிரதானி ஏந்த, ராஜா ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார். முதல் பத்துப் பேருக்குக் கடமைக்குத்தான் கேட்டார். பதினோராவதாகக் கிணற்றடிச் செங்கமலம் வந்தாள்.

"குடிதண்ணியை ரெண்டு தரம் வடிகட்டுவேன் சாமி. ஒரு தரம் போதும்னாங்க. மனசு கேக்கலை."

ராஜா சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் பதிலை அறியக் கேட்கிற கேள்வியாகவே இருந்தது. முத்திருளாண்டியின் முறை வந்தது.

"சோறு வடிக்கிறேன், மகாராசா. ஆறு மாசமா கொஞ்சம் குழைய வடிக்கிறேன். உங்களுக்குக் கடைவாய்ப் பல்லு ஆடுதில்ல."

ராஜாவின் கை தாடைக்குப் போயிற்று. "இதை நான் யாரிடமும் சொல்லவில்லையே."

"தட்டுல நீங்க எதை மிச்சம் வைக்கிறீங்கன்னு பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

ராஜா வெற்றிலையை எடுத்து அவன் கையில் வைத்தார். "நன்றாகச் செய்தாய், முத்திருளாண்டி. நீயுமா போகிறாய்?"

அவன் வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கும்பிட்டான். பிறகு திரும்பி, கோட்டை வாசல் பக்கம் போகாமல், மடைப்பள்ளிக்கு நடந்தான். உச்சிவேளைக்குள் இருநூறு பேரும் அவரவர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பிரதானிக்குத் தட்டு ஏந்தி ஏந்திக் கை மரத்துப்போயிற்று.

"தாம்பூலம் வாங்கிவிட்டு யாரும் போகவில்லையே?" என்றார் ராஜா.

"அதற்காகத்தான், மகாராஜா, போய்க்கொண்டிருந்தார்கள். அது இங்கேயே கிடைத்துவிட்டது. இனி எதற்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?" என்றான் கோணங்கி.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார், ஆடுகிற பல் தெரியச் சிரித்தார். இனிமேல் ஒவ்வொரு பௌர்ணமியும் இருக்கிறவர்களுக்கே தாம்பூலம் என்றும், தட்டைப் பிரதானியே ஏந்த வேண்டும் என்றும் உத்தரவிட்டார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிக் கோணங்கியின் கழுத்தில் போட்டார். தட்டில் கடைசியாக ஒரு வெற்றிலை கிடந்தது. அதை எடுத்து நீட்டியபோது அவர் கை பாதியில் நின்றது.

"கோணங்கி, உன் பெயர் என்ன?"

என்ன விகடம் சொல்லப்போகிறானோ என்று சபை காத்திருந்தது. அவன் இரு கைகளையும் ஏந்தினான்.

"திருமேனி, மகாராஜா" என்றான்.