எல்லோர் குரலிலும் பேசிய கரிச்சான்

இது நான் நேரில் கண்ட கதை இல்லை. காட்டோர ஊரிலிருந்து வந்து என்னோடு விடுதியில் தங்கிப் படித்த ஒருத்தி சொன்னாள். அவளுக்குச் சொன்னது யார் என்று அவளுக்கே நினைவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

மலையடிவாரக் காட்டில் நாவல் மரங்கள் சூழ ஒரு குட்டை இருந்தது. அந்தக் கோடையில் ஓடை வற்றிவிட்டது. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. குட்டையில் மட்டும்தான் தண்ணீர்.

அங்கே தண்ணீர் குடிக்க ஒரு முறை உண்டு. மான்கள் குடிக்கும்போது மந்திகள் மரத்தில் காவல் இருக்கும். மந்திகள் இறங்கிக் குடிக்கும்போது மயில்கள் காவல். மயில்கள் குடிக்கும்போது மான்கள் காவல். ஆபத்து வந்தால் கத்த வேண்டும். கத்தல் கேட்டால் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

பொறிச்சி என்ற புள்ளிமானுக்கு இந்த முறை பிடிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் துள்ளி என்றொரு குட்டி பிறந்திருந்தது. தன் முறை வரும்வரை வெயிலில் காத்திருந்தால் குட்டி வாடிப்போகும்.

"குடிக்கிறது ஒரு நொடி, நிக்கிறது ஒரு பகல்! இதெல்லாம் ஒரு முறையா?" என்று அவள் சலித்துக்கொள்வாள்.

ஒரு நாள் மரத்திலிருந்து மந்தியின் கத்தல் கேட்டது. எல்லோரும் சிதறி ஓடினார்கள். ஓடும்போதே மயிலின் கத்தல். உடனே மானின் கத்தல். திரும்பிப் பார்த்தால் சிறுத்தையும் இல்லை, ஒன்றும் இல்லை! கிளையில் ஒரு துடுப்புவால் கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. கருகருவென்ற உடம்பு. வாலில் நீளமாகத் தொங்கும் இரண்டு இறகுகள்.

"பயந்துட்டீங்களா? மூணும் நான்தான்!" என்றது கரிச்சான்.

"அடப்பாவி! உயிரே போயிடுச்சு!" என்றது மயில். அடுத்த நொடியே, "எங்கே, என் குரலை இன்னொரு தடவை எடு!" என்று கழுத்தை நீட்டியது.

கரிச்சான் எடுத்தது. மயிலுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இனிமே நான் ஒருத்தனே காவல் இருக்கேன். சிறுத்தை வந்தா மானுக்கு மான் குரல், மயிலுக்கு மயில் குரல்! நீங்க எல்லாரும் ஒண்ணாவே இறங்கிக் குடிக்கலாம். உங்க கால் பட்டுக் கிளம்புற பூச்சி எனக்குப் போதும்."

குட்டையைச் சுற்றி ஒரே ஆரவாரம்! பொறிச்சி நான்கு காலாலும் குதித்தாள்.

மந்திகளின் காவல்காரன் நெட்டையன் மட்டும் இறங்கி வந்தான்.

"எங்க கத்தலை எங்கடா கத்துக்கிட்ட?"

"நீங்க கத்தினதைக் கேட்டுத்தான்! மூணு வருஷமா ஒண்ணு விடலை."

"எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?"

"காடு முழுக்கக் கேக்குற மாதிரி கத்தினது நீங்கதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையன் சிரிக்கவில்லை.

"சரி, நீ தப்பாச் சொன்னா எங்க கழுத்து போகும். உனக்கு என்ன போகும்?"

கரிச்சான் யோசித்தது. பொய் சொல்லத் தோன்றவில்லை. "எனக்கு என்ன? நான் பறந்துடுவேன்" என்றது.

அதற்கும் சிரித்தார்கள். "வேலை போகுதேன்னு வயித்தெரிச்சலா அண்ணே?" என்று கேட்டாள் பொறிச்சி. நெட்டையன் முகம் சுருங்கிவிட்டது. மரமேறிப் போனான்.

முதல் பத்து நாள் திருவிழாதான்! ஒரு முறை சிறுத்தை நிஜமாகவே வந்தது. கரிச்சான் மூன்று குரலிலும் அலறியது. ஒரு மயிலிறகுகூட உதிரவில்லை. அதன்பிறகு யாரும் தலையை நிமிர்த்துவதையே விட்டுவிட்டார்கள். மந்திகள் பகலெல்லாம் ஊஞ்சலாடின.

பிறகு எதற்கெடுத்தாலும் கரிச்சான்தான். "இளம்புல் எங்கே?" "கிழக்கே!" "நாளைக்கு மழை வருமா?" "வரும்!" மழை வரவில்லை. ஆனாலும் அது சொன்ன விதம் நன்றாக இருந்தது. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்லும்.

பொறிச்சி இன்னும் ஒரு படி போனாள்.

"தம்பி, துள்ளி எங்கேயாவது ஓடிடுறான். நான் மேயுற நேரத்துல என் குரல்லயே நீ அவனைக் கூப்பிட்டு வெச்சுக்கிறியா?"

"அதுக்கென்னக்கா!"

அன்றிலிருந்து துள்ளிக்கு இரண்டு அம்மா. ஒன்று தரையில், ஒன்று கிளையில்.

இருபத்தைந்தாம் நாள், பொறிச்சி மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தாள். கீழே கரிச்சான் அவள் குரலில், "வா கண்ணு, தண்ணி குடி!" என்றது. துள்ளி குட்டைக்கு ஓடினான். பொறிச்சி ஏதோ நினைவாகத் தண்ணீரைப் பார்த்தாள்.

நடுவே ஒரு கட்டை மிதந்தது. காலையில் அது அக்கரையில் அல்லவா கிடந்தது? காற்றே இல்லையே, எப்படி நகர்ந்தது?

"தம்பி! அந்தக் கட்டை என்ன?"

"கட்டைதான் அக்கா!"

"நிச்சயமா?"

"நிச்சயமா!"

"எப்படித் தெரியும்?"

"இந்தக் குட்டையில இதுவரைக்கும் யாரும் தண்ணியைப் பாத்துக் கத்தினதே இல்லையே!"

இந்தக் கரிச்சான் குட்டையைப் பார்க்கவில்லை! நாம் அன்று கத்தியதை வைத்து இன்று காவல் காக்கிறது! கட்டைக்கு இரண்டு கண் இருந்தது. வற்றிய ஆற்றிலிருந்து நடந்து வந்த முதலை அது. இந்தக் குட்டையில் யாருமே முதலையைப் பார்த்ததில்லை. பார்க்காததற்குக் கத்தல் ஏது?

"துள்ளி, நில்லு!" என்று அலறியபடி மேட்டிலிருந்து பாய்ந்தாள்.

"வா கண்ணு, ஒண்ணுமில்லை!" என்றது கரிச்சான், அதே குரலில்.

துள்ளி தண்ணீரில் முன்னங்கால் வைத்தபடி நின்றான். இங்கேயும் அம்மா, அங்கேயும் அம்மா. எந்த அம்மா சொல்வதைக் கேட்பது? பொறிச்சி மறுபடி கத்தினாள். கிளையும் மறுபடி கூப்பிட்டது. கட்டை நெருங்கியது.

கத்திப் பயனில்லை. பொறிச்சி வாயை மூடினாள். கரைக்கு வந்த வேகத்தில் முன்னங்காலை ஓங்கி மிதித்தாள். தொம்! தொம்! தொம்!

தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு துள்ளியின் குளம்பு வழியே ஏறி நெஞ்சில் முட்டியது. கிளையில் இருக்கும் அம்மாவுக்குத் தரையை மிதிக்கக் கால் இல்லையே! துள்ளி துள்ளித் திரும்பினான்.

தண்ணீர் வெடித்தது! முதலையின் வாய் படாரென்று மூடியது. பல் நுனி துள்ளியின் பின்னங்காலைக் கீறிக்கொண்டு போனது. குட்டி ரத்தம் சொட்டச் சொட்டத் தாயின் வயிற்றடியில் வந்து ஒண்டியது.

எல்லோரும் கூடினார்கள். "கரிச்சானை விரட்டு!" என்று கூச்சலிட்டது மயில்.

கரிச்சான் தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தது. "உங்க கத்தல் எல்லாத்தையும் கேட்டேன் அக்கா. அதுல 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு கத்தல்கூட இல்லையே" என்று அழுதது.



பொறிச்சிதான் பேசினாள். "அவனை விரட்ட வேண்டாம். சிறுத்தை வந்தப்ப காப்பாத்தினதும் அவன்தான். கண்ணை மூடிக்கிட்டது நான். என் குரலையே எடுத்துக் குடுத்ததும் நான்." பிறகு மரத்தைப் பார்த்துத் தலை குனிந்தாள். "நெட்டையன் அண்ணே, நான் பேசினது தப்பு. மறுபடி காவலுக்கு வர்றீங்களா?"

"வராம? நீங்க எல்லாம் போயிட்டா நான் யாரைத் திட்டுறது?" என்றான் நெட்டையன்.

அன்றே புது முறை வந்தது. கரிச்சான் கத்தலாம், ஆனால் தன் சொந்தக் குரலில்தான். தெரியாவிட்டால் ஒற்றை விசில் அடிக்க வேண்டும். அது கத்தினாலும் கத்தாவிட்டாலும், குடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒருவர் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். தண்ணீரைப் பார்க்கவும் தனியாக ஒருவர்.

மறுநாள் காலை கரிச்சானின் ஒற்றை விசில் ஏழு முறை கேட்டது. ஏழு முறையும் எல்லோரும் தாங்களே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள்.

கதை கேட்ட பிறகு எனக்குச் சந்தேகம் தீரவில்லை. படித்துப் பார்த்தேன்: துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் அபாயக் குரல்களை அப்படியே எடுப்பதும், நீர் வற்றினால் முதலை தரைவழியே நடந்து வேறு குட்டை தேடிப் போவதும் உண்மைதான்.

பறவையோ எந்திரமோ, நம் குரலிலேயே பேசக் கற்றுக்கொண்ட ஒன்றிடம் உதவி கேட்கலாம். ஆனால் அது தவறினால் உயிர் போவது யாருக்கோ, அவர்கள் தங்கள் கண்களை மூடிக்கொள்ளக் கூடாது.